பிக்கப்பின் மூக்கு

அந்த யோசனை எனக்கு வந்தது கெமிஸ்ட்ரி வகுப்பில், பாதித் தூக்கத்தில். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு. விடிவதற்கு முன்பே சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறி, பங்காரப்பேட்டை தாண்டும்வரை நின்றுகொண்டே வந்து, பெங்களூரில் இறங்கி, பஸ்ஸில் இடிபட்டுக் கல்லூரிக்குப் போகிறவள் அந்த நேரத்தில் என்ன பாடம் கேட்பாள்? கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவது எனக்குப் பழகிவிட்டிருந்தது.

லெக்சரர் போர்டில் ஒரு தடுப்பு வரைந்தார். தடுப்புக்கு இரண்டு பக்கமும் ஒரே சரக்குதான். ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் கம்மி. அந்த ஏற்றத்தாழ்வு ஒன்றே போதும், மின்சாரம் பிறக்கும் என்றார். போகிற போக்கில், இந்தக் காலத்துக் கார்களின் புகைக்குழாயில்கூட இப்படி ஒன்றை வைக்கிறார்கள், வெளிக்காற்றில் உள்ள ஆக்சிஜனையும் புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனையும் அது ஒப்பிட்டுப் பார்க்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. எங்கள் பிக்கப்பின் அடியில், இஞ்சினை விட்டு சைலென்சர் குழாய் வெளியே வரும் இடத்தில், ஸ்பார்க் பிளக் மாதிரி ஒன்று திருகியிருந்தது. அதிலிருந்து ஒரே ஒரு கம்பி மேலே போனது. நாங்கள் கொண்டுபோய்க் காட்டிய மெக்கானிக்குகள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: "வெட்டி எறிங்க."

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யாரோ வெளிநாட்டுக்காரர்கள் ஏதோ இயந்திரம் நிறுவ வந்தபோது கூடவே கொண்டுவந்த பழைய பிக்கப். வேலை முடிந்து அவர்கள் போய்விட்டார்கள். வண்டி கொட்டகையில் கிடந்து, பிறகு ஏலத்துக்கு வந்தது. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் பம்ப் ஃபிட்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியிருந்த நைனா அதை எடுத்தார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். டீசல் வண்டி எடுக்க வேண்டிய இடத்தில் பெட்ரோல் வண்டி எடுத்தவர் என்று சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அவருக்குப் பெயர். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு தகர டப்பா இருந்தது. எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று அதுதான் முடிவு பண்ணும். "கம்ப்யூட்டர் கீது வண்டியில," என்று ஆரம்பத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சொல்வதை விட்டுவிட்டார்.

தினமும் காலையில் பேத்தமங்களா தோட்டங்களிலிருந்து தக்காளி, கத்தரி, கீரை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலை கேன்டீனில் இறக்க வேண்டும். பேரம் அம்மா, ஸ்டியரிங் நைனா. அந்தக் கேன்டீனை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது. என் படிப்பும் அந்தத் தக்காளியில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வண்டியோ கறுப்பாகப் புகைத்தது. ஏற்றத்தில் எங்களுக்குப் பின்னால் சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கி ஓரமாக நின்று, நாங்கள் போன பிறகே ஏறுவார்கள். கேன்டீன் சூப்பர்வைசர் நல்ல மனிதர். ஆனால் நாக்கு சும்மா இருக்காது.

"அண்ணே, நீங்க வர்றதுக்கு முன்னாடியே உங்க புகை வந்து சேர்ந்துடுது. காய்கறி வண்டியா, ஸ்டீம் இஞ்சினான்னு கேட்ல இருக்கறவன் கேக்கறான்," என்றார் ஒரு நாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். அடுத்த மாதத்திலிருந்து புகைச் சர்டிஃபிகேட் இல்லாத எந்த வண்டியையும் உள்ளே விட மாட்டார்கள். "என் கையில ஒண்ணும் இல்ல. இன்னொருத்தர் டெம்போ வச்சுக்கிட்டு எப்பக் கூப்பிடுவீங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கார். பாத்துக்குங்க."

நைனாவும் அம்மாவும் கோலாருக்குப் போய்ப் புகை மிஷினில் காட்டினார்கள். ஃபெயில். வந்து படுத்த நைனா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அதற்கு மறுநாள்தான் எனக்கு அந்தக் கெமிஸ்ட்ரி வகுப்பு.

அன்று சாயங்காலமே லைப்ரரியில் ஒரு மோட்டார் புத்தகத்தைப் பிடித்துப் படித்துவிட்டு ரயில் ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தேன்.

"நைனா, நம்ம வண்டிக்கு ஒரு மூக்கு இருக்குது. அது செத்துப்போச்சு."

"இன்னாது?"

"சைலென்சர்ல ஒத்தக் கம்பியோட இருக்குதே, அது. புகையை மோந்து பாத்து கம்ப்யூட்டருக்குச் சொல்றது அதோட வேலை. இத்தினி வருஷமா நாம ஊத்துன பெட்ரோல்ல ஈயம் இருந்துச்சு. அது மூக்கு மேல படிஞ்சுடுச்சு. மூக்கு ஒண்ணும் சொல்லலேன்னா, காத்து ஜாஸ்தியா இருக்குதுன்னு நெனச்சுக்கினு கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊத்திக்கினே இருக்கும். அதான் கறுப்பா புகையுது."

நைனா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "எல்லா மெக்கானிக்கும் வெட்டி எறியச் சொல்றான். நீ மூக்குன்ற."

"மூக்கை வெட்டினா மட்டும் சளி நின்னுடுமா?" என்றாள் அம்மா, உள்ளேயிருந்து. அவள் என் பக்கம் பேசினாளா, இரண்டு பேரையும் சேர்த்துச் சொன்னாளா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் அதற்கு மூக்கு என்றே பெயர் நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்தோம். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் நான் விடிந்த பிறகும் தூங்கலாம். அதுவும் போயிற்று. மூக்கு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்து, இஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி, ஸ்பேனருக்குப் பைப் மாட்டி நைனா இழுத்தார். நான் டார்ச் பிடித்தேன். துரு கண்ணில் கொட்டியது. கடைசியில் ஒரு முனகலோடு கழன்று வந்தது. நுனி முழுக்க வெளுத்த சாம்பல் பூச்சு.

"சுண்ணாம்பு அடிச்சாப்ல கீது," என்றார் நைனா. அதற்குப் பிறகு அவர் என்னை மறுத்துப் பேசவில்லை.

மூக்கு செத்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி புத்தகத்தில் இருந்தது. நுனியை நெருப்பில் காட்ட வேண்டும். உயிர் இருந்தால் சூட்டில் விழித்துக்கொண்டு கொஞ்சம் மின்சாரம் தரும். வகுப்புத் தோழி ஒருத்தியிடம் மல்டிமீட்டர் வாங்கி வந்திருந்தேன். அம்மாவின் கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, இடுக்கியால் அதைப் பிடித்துத் தீயில் காட்டினேன்.

"இரும்பை வறுக்கறீங்களா?" என்றாள் அம்மா. "உப்பு காரம் ஏதாவது போடட்டுமா?"

முள் அசையவில்லை. நுனி சிவந்ததுதான் மிச்சம்.

அடுத்த வாரம் முழுக்க மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெங்களூரின் பழைய கார் சாமான் கடைகளில் ஏறி இறங்கினேன். கழுத்தில் ஐடி கார்டு தொங்க, கையில் செத்த மூக்கோடு வந்து நிற்கும் பெண்ணைப் பார்த்துக் கடைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு நாற்காலி போட்டார்கள், பிறகு இல்லை என்றார்கள். காலையில் ரயில், மத்தியானம் கடை, ராத்திரி ரயில். திரும்பும் ரயிலில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தால் நெற்றியில் கோடு விழும்வரை தூங்குவேன். கடைசியில் மோதி நொறுங்கிய வெளிநாட்டுக் கார் ஒன்றிலிருந்து கழற்றிய ஒன்று அகப்பட்டது. அதே மரை, அதே ஒற்றைக் கம்பி.

மறுபடியும் அடுப்பு, இடுக்கி, மல்டிமீட்டர். நுனி சூடேறுகிறவரை ஒன்றுமில்லை. பிறகு முள் மெதுவாகக் கிளம்பி முக்கால் வோல்ட்டுக்கும் மேலே போய் நின்றது. தீயை விட்டு எடுத்தேன், விழுந்தது. காட்டினேன், ஏறியது. இடுப்பில் கை வைத்து நின்ற அம்மா, "இன்னொரு தபா காட்டு," என்றாள். காட்டினேன். குழம்பு வைக்க நேரமாகிவிட்டது என்று அன்றைக்கு அவள் சொல்லவில்லை.

மாட்டினோம். நாலைந்து காலைகள் வண்டி மாறிப்போயிருந்தது. பேத்தமங்களா ஏற்றத்தில் பின்னால் வந்த சைக்கிள்காரர் இறங்கவில்லை என்று அம்மா வந்து சொன்னாள். கோலாருக்கு மறுபடி போக வெள்ளிக்கிழமை என்று முடிவு பண்ணினோம். நான் கல்லூரிக்கு மட்டம் போடுவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை சாயங்காலம் காற்று கிளம்பியது. எங்கள் பக்கத்தில் காற்று என்றால், தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைட் மண்மேட்டிலிருந்து மாவு மாதிரி வெள்ளைத் தூசி பறந்து வந்து பாயில், சோற்றில், காதில் உட்காரும். அதற்குப் பின்னாலேயே மழை. நைனா டார்ச்சோடு வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"பாப்பா, மூக்கோட மூட்டு தொறந்து கெடக்குது. தூசி, தண்ணி எல்லாம் உள்ளாற பூந்துடும்."

இங்கே எங்கள் வீட்டின் கறுப்பு டேப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூமிக்கு அடியில், எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும் ஒரு லெவலில் பம்ப் ஓட்டியவர் நைனா. அங்கே திறந்து கிடக்கும் மூட்டு என்றால் ஷாக், துரு, நின்றுபோன பம்ப். அதனால் கம்பி கம்பியோடு சேரும் இடம் எதுவானாலும் தார்க் கலவை பூசி, அதன்மேல் டேப்பை மூன்று சுற்று இழுத்துக் கட்டிவிட்டுத்தான் ஷிஃப்ட் முடிந்து, ஆட்களை மேலே தூக்கும் கேஜில் ஏறுவார். ஓய்வு வாங்கி மேலே வந்த பிறகும் கை நிற்கவில்லை. ஸ்விட்ச் போர்டு, ரேடியோ, குக்கர் பிடி, என் குடைக்காம்பு, என் கால்குலேட்டரின் பேட்டரி மூடி, எல்லாவற்றிலும் கறுப்பு டேப். லைனில் யார் வீட்டிலாவது எங்கள் பாத்திரம் மாறிப்போனால் டேப்பை வைத்துத்தான் திரும்பி வரும். எனக்கும் அது பார்த்துப் பார்த்துப் பழகிய விஷயம். டேப் சுற்றாத கம்பியைக் கண்டால் இடுப்பில் கயிறில்லாத குழந்தையைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

எனவே நைனா மூக்கின் கழுத்து முழுக்க, கம்பி நுழையும் இடம்வரை, தார்க் கலவை பூசி டேப் சுற்றினார். நான் டார்ச் பிடித்தேன். இழுத்துப் பார்த்து, "இப்ப தண்ணில முக்குனாக்கூட ஒண்ணும் ஆவாது," என்றார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கேன்டீனில் சரக்கை இறக்கிவிட்டு அம்மா வீட்டுக்குப் போக, நானும் நைனாவும் கோலார் போனோம். பாதி வழியிலேயே இஞ்சின் ஒரு மாதிரி கனத்து ஓடுவது தெரிந்தது. புகை மிஷினுக்கு முன்னால் நீளமான வரிசை. நைனா வழக்கம்போல இஞ்சினை அணைத்துவிட்டார். எங்கே நின்றாலும் அணைப்பார், இறக்கத்தில்கூட அணைப்பார். அது அவரது சிக்கனம். எங்கள் முறை வந்தபோது ஸ்டார்ட் பண்ணி முன்னால் நகர்த்தினார். மிஷின்காரர் கன்னடக்காரர், இளைஞர். குழாயைச் சைலென்சரில் செருகிவிட்டு எண்ணைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"போன தடவைக்கும் இதுக்கும் ஏனும் டிஃபரென்ஸ் இல்ல சார்," என்றார், எங்களுக்காகத் தமிழைக் கலந்துகொண்டு. "இஞ்சினை மாத்திடுங்க. டீசல் போட்டுடுங்க."

திரும்பி வரும்போது மறுபடி அதே கறுப்புப் புகை. நான் கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். கோபம்கூட வரவில்லை. உடம்பு முழுக்க ஒரே ஆசை, எங்கேயாவது படுத்துவிட வேண்டும். படிப்பு, ரயில், கடை கடையாக ஏறினது எல்லாம் இந்தப் புகையாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. ஒரு புளியமரத்தடியில் இஞ்சின் திக்கித் திணற, நைனா ஓரங்கட்டினார். ஸ்டியரிங்மேல் கையை வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சும்மா இருக்க முடியாமல் நான் இறங்கி அடியில் படுத்துப் பார்த்தேன். சூட்டில் தார் உருகியிருந்தது. கழுத்து வழியாக வழிந்து, கம்பி நுழையும் இடத்தில் இருந்த மெல்லிய இடுக்குகளில் எல்லாம் போய் அடைத்துக்கொண்டிருந்தது. டேப் சுருங்கி அதன்மேல் ஒட்டிக் கிடந்தது. நல்ல வேலைப்பாடு. எறும்புக்குக்கூட வழியில்லை.

அப்போது லெக்சரரின் போர்டு நினைவுக்கு வந்தது. தடுப்புக்கு இரண்டு பக்கம்.

"நைனா, இறங்கி வா. நாம மூக்கை அடைச்சுட்டோம்."

அவர் வந்து குந்தி உட்கார்ந்தார். "நுனி புகைக்குள்ளாற தான கீது? அதை நான் தொடவே இல்லயே."

"நுனி மட்டும் பத்தாது. அதுக்கு இந்தப் பக்கம் வெளிக்காத்து வரணும். நல்ல காத்து எதுன்னு ஒரு பக்கம் தெரிஞ்சாத்தான் இன்னொரு பக்கம் இருக்கறது கெட்ட காத்தான்னு சொல்லும். வெளிக்காத்து வர்ற வழியே இந்த இடுக்குதான். அதுலதான் தார் பூசியிருக்கறோம்."

நைனா விரலால் டேப்பைத் தடவிப் பார்த்தார்.

"டவுன்காஸ்ட்டை மூடிட்டோம்," என்றார் பிறகு.

மேலேயிருந்து நல்ல காற்று இறங்கும் ஷாஃப்ட் குழிக்குச் சுரங்கத்தில் அப்படித்தான் பெயர். கெட்ட காற்று ஏறிப் போவது வேறு ஷாஃப்ட். ஒன்றை அடைத்தால் மற்றது எதற்கும் ஆகாது. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

"காத்து எதுல எறங்குது, எதுல ஏறுதுன்னு பாத்துப் பாத்து உசுரோட மேல வந்தவன் நான். என் கையாலயே தாரை எடுத்தாந்து அடைச்சேன் பாரு."

"லைட் புடிச்சது நான்தான."

"நீ காலேஜு."

"அதான் சொல்றேன். படிச்ச எனக்கே தோணலியே."

அவருக்குச் சிரிப்பு வந்தது. தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்ட சிரிப்பு. "எழுந்திரு, சட்டையெல்லாம் மண்ணு," என்றார்.

வீட்டுக்கு வந்து விளக்கு வைக்கும் நேரத்துக்குள் மூக்கைக் கழற்றிவிட்டோம். டேப்பை உரித்தேன். உருகிய தாரை ஊசியாலும் பெட்ரோல் தோய்த்த துணியாலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். உள்ளே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியவில்லை, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. காற்றாட வெகுநேரம் காயவிட்டு, மறுபடி அடுப்பில் காட்டினேன். முள் நகர்ந்தது. முன்புபோல ஒரே மூச்சில் இல்லை. தயங்கித் தயங்கி ஏறி, முன்பு நின்ற இடத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

"போதுமா?" என்றாள் அம்மா.

"தெரியல."

"தெரியலன்னா?"

"தெரியலம்மா. போய்ப் பாத்தாத்தான்."

வேறு மூக்கு தேட நாளில்லை. மறுநாள் சனிக்கிழமை, மாதத்தின் கடைசி நாள். கோலாரில் மிஷின் மத்தியானம்வரை திறந்திருக்கும். அதைத் தவறவிட்டால் கேட்டில் எங்கள் வண்டிக்குப் பதில் அந்த டெம்போதான் நிற்கும். அம்மா தக்காளிக் கூடைகளை வழக்கத்தைவிட அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நைனா பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து வெட்டினார். மழையும் மண்மேட்டுத் தூசியும் நேராக விழாமல் மூக்கின்மேல் குடை மாதிரி நிற்க வேண்டும், அடியில் திறந்திருக்க வேண்டும். மாட்டி முடித்ததும் அவர் கை தன் பாட்டுக்கு டேப் சுருளை எடுத்தது. எடுத்து, நகத்தால் நுனியைக்கூடக் கிளப்பிவிட்டது. என்னைப் பார்த்தார். சுருளை என் மடியில் போட்டார். "ஒளிச்சு வை."

இன்னொன்றும் இருந்தது. புத்தகத்தில் படித்தும் அன்றுவரை எனக்கு உறைக்காதது. இந்த மூக்கு சூட்டில்தான் விழித்திருக்கும், ஆறினால் தூங்கிவிடும். வரிசையில் இஞ்சினை அணைத்துவிட்டு நின்றால், முறை வரும்போது தூங்குகிற மூக்கோடுதான் போய் நிற்போம். நைனாவிடம் சொன்னேன்.

"அவ்ளோ நேரம் சும்மாவே ஓட விடவா? பெட்ரோல்?"

"நாளைக்கு மட்டும்."

"கை தானா அணைச்சுடும் பாப்பா. பழக்கம்."

அம்மா கூடையைக் கீழே வைத்தாள். "நானும் கோலாருக்கு வரேன். நடுவுல உக்காந்து சாவி மேல கை வச்சுக்கறேன். எடுக்க வந்தா அடி விழும்."

நைனா கையைத் துடைத்துக்கொண்டார்.

அலாரத்தை ரயில் நேரத்திலிருந்து மாற்றித் தக்காளி நேரத்துக்கு வைத்தேன். பேத்தமங்களாவில் சரக்கு ஏற்றி, கேன்டீனில் இறக்கி, அங்கிருந்து இஞ்சினை அணைக்காமலே நேராகக் கோலார். சாவியில் அம்மா, ஸ்டியரிங்கில் நைனா. மல்டிமீட்டரின் ஒயரை டேஷ்போர்டு வழியாக இழுத்து மடியில் வைத்துக்கொண்டு நான். வரிசையில் முள் இறங்கத் தொடங்கினால் நைனாவின் காலைத் தட்டுவேன், அவர் ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். மறுநாளுக்கு நாங்கள் பேசி வைத்தது அவ்வளவுதான்; மூக்கு தாங்குமா என்பது கோலாரில்தான் தெரியும்.